எதுக்குக் கேக்குது

யார்கூட இப்படி போன்ல சண்டை போடுறேன்னுதானே பாக்குறீங்க? ஆளு இல்லக்கா. ஆப். ஆப் செஞ்சு குடுக்கிற ஆப். இது வேணும், அது வேணும்னு நாம டைப் அடிச்சாப் போதும். அதுவே எழுதி, அதுவே பட்டன் வச்சு, கலர் போட்டு, இந்தாங்கன்னு நீட்டிரும். நம்ப முடியலைல்ல? நம்பாதீங்க. நானும் நம்பலை. நம்பாம இருக்கிறதுக்குத்தான் என்னை வேலைக்கே வச்சிருக்காங்க.

அந்தப் பையை இப்படிக் குடுங்க, மடியில வச்சுக்கறேன். கனமெல்லாம் இல்ல. நான் சின்னாளபட்டி வரைக்கும் உக்காந்துதானே வரப்போறேன்.

உங்ககிட்டச் சொல்லலாம். பாத்தா எங்க ஆபீசுக்கு வந்துபோற ஆளு மாதிரி இல்ல. ஹரீஷுக்குத் தெரிஞ்சவங்க மாதிரியும் இல்ல. ஹரீஷ் யாருன்னு சொல்றேன், இருங்க.

மதுரையில காளவாசல் பக்கம் எங்க கம்பெனி. சின்னக் கம்பெனிதான். கடைக்கு, கிளினிக்குக்கு, டியூஷன் சென்டருக்கு ஆப் செஞ்சு குடுப்போம். நான் சேர்ந்து இன்னும் வருசம் ஆகலை. வேலை நிரந்தரமா இல்லையான்னு இந்த மாசக் கடைசியிலதான் சொல்லுவாங்க. எங்க வீட்டுல டிகிரி முடிச்ச மொத ஆளு நான்தான். அம்மா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளி தரம் பிரிக்குது. மார்க்கெட் பூரா 'எம்மக கம்ப்யூட்டர் கம்பெனி'ன்னு சொல்லி வச்சிருக்கு. இந்த வேலை போனா நான் இன்னொண்ணு தேடிக்குவேன். அம்மா அந்த மார்க்கெட்டுக்குள்ள எந்த முகத்தோட போகும்? அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். இந்த பஸ்ல ஏறினதுல இருந்து இல்ல, இந்தப் பிரச்சனை ஆரம்பிச்சதுல இருந்தே.

முரளிதரன் சார்தான் எங்க மேனேஜர். ஒரு நாள் கூப்பிட்டாரு.

"வினோதினி, சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் இனிமே ஆள் உக்காந்து எழுதி மாளாது. மூணு ஆப் பில்டர் பாத்து வச்சிருக்கேன். நல்லா சோதிச்சுப் பாத்து ஒண்ணைச் சொல்லு. அதுல மொதல்ல பூரணி மஹாலுக்குச் செய்வோம். கல்யாண மண்டபம், புக்கிங் மட்டும்தான். ஈஸி."

"என்னை எதுக்கு சார்?"

"நீதான் யாரையும் நம்ப மாட்டியே."

பாராட்டுனாரா குத்திக் காட்டுனாரான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. இருந்தாலும் வேலையை ஒழுங்காச் செஞ்சேன். அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

மூணுக்கும் பேர் இருக்கு, ஆனா சொல்ல மாட்டேன். நாளைக்கு ஏதாவது கேஸ் கீஸ்னு வரும். கலர வச்சுச் சொல்றேன். ஊதா, பச்சை, கறுப்பு.

ஊதா உள்ள நுழைஞ்சதுமே என் போன்ல இருக்கிற நம்பரை எல்லாம் பாக்கணும்னு அனுமதி கேட்டுச்சு. கல்யாண மண்டபத்துக்கு ஆப் செய்ய எங்க சித்தி நம்பர் அதுக்கு எதுக்கு? அன்னைக்கே தூக்கிப் போட்டேன்.

பச்சை நல்ல மாதிரி. 'ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம்தான், தேதியைத் தொட்டாப் புக் ஆகணும்'னு எழுதினேன். 'அருமையான யோசனை'ன்னுச்சு. டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஆப் ரெடி. குத்துவிளக்குப் படமெல்லாம் அதுவே போட்டிருந்துச்சு. நான் என்ன சொன்னாலும் அருமையான யோசனைதான். அதுக்காக அப்படியே நம்பிட்டேன்னு நெனைக்காதீங்க. ஒரே தேதியை ரெண்டு பேருக்குக் குடுத்துப் பாத்தேன், 'ஏற்கெனவே பதிவாயிருச்சு'ன்னு தடுத்துச்சு. இல்லாத தேதியைக் குடுத்தேன், தடுத்துச்சு. போன் நம்பர் இருக்கிற இடத்துல மாப்பிள்ளை பேரை அடிச்சேன், அதையும் தடுத்துச்சு. போன வருசத் தேதி, தமிழ்ல பேரு, நெட் இல்லாம, நெட் பாதியில போற மாதிரி, எல்லாம் பாத்தேன். எதுலயும் மாட்டலை. அப்புறம்தான் அதுமேல கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு.

கறுப்பு இருக்கே, அதுதான் அக்கா விவகாரம். பச்சைக்கு எழுதின அதே வரியைத்தான் அதுக்கும் எழுதினேன். ஆப் செய்யலை. கேள்வி கேட்டுச்சு. 'ஒரு முன்பதிவு ஒரே நாளில் முடிந்துவிடுமா? குடும்பத்தினர் முதல் நாள் மாலையே மண்டபத்துக்கு வருவார்களா? எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே வழக்கம்தானா?'

எதுக்குக் கேக்குது? நம்ம ஊர்ல யாரு எப்ப மண்டபத்துக்குள்ள போறாங்க, யாரு என்ன வழக்கம் வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சு அது என்ன பண்ணப் போகுது? கம்பெனியில சேர்ந்த அன்னைக்கே கையெழுத்து வாங்கியிருக்காங்க, கஸ்டமர் விவரம் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாதுன்னு. மூடிட்டேன். மறுநாள் திறந்தேன். அதே கேள்வி. வேற மாதிரி எழுதிப் பாத்தேன். மறுபடியும் அதே கேள்வி. விடாம நோண்டுது.

கேள்வின்னா என்னன்னு எனக்குத் தெரியும் அக்கா. ப்ளஸ் டூ முடிச்சுட்டு முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கப் போனோம், நானும் அப்பாவும். வீட்டுல யாரும் டிகிரி படிக்கலைன்னு காட்டினா காலேஜ்ல சலுகை கிடைக்கும்ல, அது. போற வழியெல்லாம் அப்பா ஒரே விஷயத்தைச் சொன்னாரு. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு தாயி. ஒரு வார்த்தை கூடச் சொல்லிறாத." அங்க இருந்தவரு, "கூடப் பொறந்தவங்க?"ன்னாரு. "ஒரு அண்ணன்"னேன். "என்ன படிக்கிறான்?"ன்னாரு. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, "படிக்கலை சார், காலேஜ்ல சேர்ந்தான், பாதியில நின்னுட்டான்"னேன். அவ்வளவுதான். அந்தக் காலேஜுல போய் எழுதி வாங்கிட்டு வா, இந்த ஆபீஸ்ல கையெழுத்து வாங்கிட்டு வான்னு அலைய விட்டுட்டாங்க. எழுதித் தர்றதுக்கு அந்தக் காலேஜுக்காரங்களும் எங்களையே ஆயிரம் கேட்டாங்க. கடைசியில கிடைச்சது, இல்லேங்கலை. ஆனா அன்னைக்குப் புரிஞ்சுக்கிட்டேன். கேக்குறவன் நம்மளப் பிடிக்கத்தான் கேப்பான்.

இது எதுவும் ஹரீஷுக்குப் புரியாது. எனக்கு அடுத்த சீட்டு அவன். சென்னைப் பையன், அப்பா அம்மா ரெண்டு பேரும் இன்ஜினியர். யாரைப் பாத்தாலும் சந்தேகம் கேப்பான். முரளிதரன் சாரையே, "புரியலை சார், இன்னொரு தடவை சொல்லுங்க"ம்பான். எங்க காலேஜுல அப்படிக் கேட்டா, "வகுப்புல தூங்கிட்டு இருந்தியா"ன்னு உக்கார வச்சிருவாங்க. இவனை உக்காரச் சொல்ல ஆளே இல்ல போல.

நான் கறுப்பைப் பத்திச் சொன்னதும், "நல்ல கேள்விதானே வினோ? மண்டபத்துல கேட்டுச் சொல்லிரு"ன்னான்.

"கேட்டா, இதுகூடத் தெரியாம ஆப் செய்ய வந்தியான்னு கேக்க மாட்டாங்களா?"

"தெரியாதுன்னு சொல்லு. என்ன இப்ப?"

தெரியாதுன்னு சொல்லணுமாம். நிரந்தரம் ஆனவன் சொல்லலாம். இன்னொண்ணு தெரியுமா? அவன் அடிக்கடி போட்டுட்டு வர்ற டி-சர்ட்டுல அந்தக் கறுப்பு கம்பெனி பேரு இருக்கு. கேட்டதுக்கு, ஏதோ கூட்டத்துக்குப் போனேன், சும்மா குடுத்தாங்கன்னான். சும்மா எவன் டி-சர்ட் குடுப்பான்?

மீட்டிங்குல எதையும் மறைக்கலை. அது என் பழக்கம் இல்ல. ஊதா நம்பர் கேக்குது, கறுப்பு தேவையில்லாத கேள்வி கேக்குது, பச்சை சொன்னதைச் செய்யுதுன்னேன். கறுப்பு கேட்ட கேள்வியை வார்த்தை மாறாம வாசிச்சும் காட்டினேன். முரளிதரன் சார் போனைப் பாத்துக்கிட்டே, "சரி, பச்சை"ன்னாரு. முடிஞ்சது.

பூரணி மஹால் சின்னாளபட்டியிலதான் இருக்கு, ஓனரு தங்கப்பாண்டி அய்யா. நல்ல மனுசன், ஆனா பேச்சு அதிகம். ஆப்பைக் காட்டப் போன அன்னைக்கு என்னை உக்கார வச்சுட்டு, வர்ற போனை எல்லாம் எடுத்துப் பேசிக்கிட்டு இருந்தாரு. யாரு கூப்பிட்டாலும் மொத வார்த்தை, "அடுப்பு எப்பப் பத்த வைக்கிறீங்க?" தேதியைக் கேக்குறதுக்கு முன்னாடி அடுப்பைக் கேக்குறாரு. அப்புறம் கறியா சைவமா, எத்தனை பந்தி, எந்த ஊரு சமையல்காரரு. ஒரு புக்கிங்குக்கு அவ்வளவு பேச்சு. நம்ம ஆப்புல இது ஒண்ணும் வேண்டாம் அய்யா, தேதியைத் தொட்டாப் போதும்னேன்.

"ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம்தானே விடும்?"

"ஆமா அய்யா."

"அப்பச் சரி பாப்பா. இனிமே தொண்டைத் தண்ணி மிச்சம்."

ரொம்ப சந்தோசப்பட்டாரு. ஜூஸ் வாங்கிக் குடுத்தாரு. நான் குடிக்கலை, சளி பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டேன்.

போன வாரம் அவரே கூப்பிட்டாரு. கோவமா இருந்தாக்கூடப் பரவால்ல. குரல் ரொம்ப மெதுவா வந்துச்சு.

"பாப்பா, வர்ற எட்டாம் தேதி சாயங்காலம் எனக்கு ரெண்டு அடுப்பு எரியுது."

எனக்கு ஒண்ணும் புரியலை. ஆப்பைத் திறந்து பாத்தேன். எட்டாம் தேதி அமல்ராஜ்னு ஒருத்தரு, அவரு மக கல்யாணம். ஒன்பதாம் தேதி முத்துக்காளைன்னு ஒரு வாழைக்காய் மண்டிக்காரரு, அவரு மக கல்யாணம். நாளுக்கு ஒண்ணு. எல்லாம் சரியா இருக்கு அய்யான்னேன்.

"எங்க சரியா இருக்கு? அமல்ராஜ் வீடு சர்ச்ல கல்யாணத்தை முடிச்சுட்டு எட்டாம் தேதி சாயங்காலம் இங்க ரிசப்ஷன் வைக்குது. முத்துக்காளை வீட்டுல ஒன்பதாம் தேதி விடியக்காலை முகூர்த்தம். அவங்க எட்டாம் தேதி மத்தியானமே சட்டி பானையோட உள்ள வந்துருவாங்க, சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. ஒரு மேடை, ரெண்டு மாப்பிள்ளை. நான் எந்த மாப்பிள்ளையைத் தூக்கி எங்க வைக்கிறது?"

ரெண்டு வீட்டுலயும் பத்திரிகை அடிச்சு, சொந்தக்காரங்களுக்கு வச்சு முடிச்சாச்சு. அது போக அமல்ராஜ் வீட்டு விருந்துல பிரியாணி, முத்துக்காளை வீட்டுல மறுநாள் சைவம். ஒரே சமையக்கட்டு. "கறிச் சட்டி ஏறின அடுப்புல எங்க பொண்ணு கல்யாணச் சோறு வேகாது"ன்னு முத்துக்காளை நேராவே சொல்லிட்டாராம்.

நீங்களே சொல்லுங்க, முந்தின நாள் சாயங்காலமே மண்டபத்துக்குப் போவாங்கன்னு எனக்குத் தெரியாதா? எங்க மாமா பொண்ணு கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானமே போய் காய் நறுக்கினவதான் நான். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். ஊருக்கே தெரிஞ்சதை ஒரு மெஷின்கிட்ட எதுக்குச் சொல்லணும்?

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. தங்கப்பாண்டி அய்யா எல்லாரையும் கேக்குறாரே, அடுப்பு எப்பன்னு. கறுப்பும் கிட்டத்தட்ட அதையேதானே கேட்டுச்சு. அதுக்கு எப்படித் தெரியும்? அவரு போனை ஒட்டுக் கேட்டிருக்கு. வேற வழியே இல்ல. நான் ஹரீஷ்கிட்டச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சான்.

"ஒட்டுக் கேக்கலை வினோ. மண்டபம்னு சொன்னா யாருக்கும் தோணுற கேள்விதான்."

"எனக்குத் தோணலையே?"

அவன் மானிட்டர் பக்கம் திரும்பிக்கிட்டான். மாட்டிக்கிட்டவன் அப்படித்தான்.

முரளிதரன் சார் கத்தலை. "நீ தேர்ந்தெடுத்தது. நீயே போய்ப் பேசு. பிரச்சனை முடிஞ்சதுன்னு தங்கப்பாண்டி அவரு வாயால என்கிட்டச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் உன் நிரந்தரத்தைப் பத்திப் பேச்சு"ன்னாரு. கூட வரவான்னு ஹரீஷ் கேட்டான். வேண்டாம்னுட்டேன். அவன் வந்து நான் தடுமாறுறதைப் பாத்து, போய் டி-சர்ட்காரங்ககிட்டச் சொல்லவா?

அதான் இப்ப போயிட்டு இருக்கேன். போற வழியில பச்சைக்கிட்ட, முந்தின நாள் சாயங்காலமே வருவாங்களான்னு கேட்டு ஒரு கட்டம் வைன்னு எழுதினேன். 'அருமையான யோசனை'ன்னு உடனே வச்சிருச்சு. இத்தனை நாள் ஏன் வைக்கலைன்னு எழுதினேன். 'நீங்கள் சொல்லவில்லை'ங்குது. அதுக்குத்தான் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன், நீங்க பாத்தீங்களே, அது. சொல்லலைங்கிறது உண்மைதான். ஆனா அது சொல்ற விதம் எனக்குப் பிடிக்கலை.

இருங்க, தங்கப்பாண்டி அய்யாதான் கூப்பிடுறாரு.

சொல்லுங்க அய்யா... கொடைரோடு தாண்டிட்டோம்... ஆமா அய்யா, தனியாத்தான்... என்னது?... ரெண்டு பேருமா?... எப்ப அய்யா?... சரி... சரி... அது எதுக்கு அய்யா?... இல்ல, வினோதினின்னு போட்டாப் போதும்... அப்பா பேரு எதுக்கு?... இல்ல அய்யா, கம்பெனியில கேக்காம அதெல்லாம் சொல்லக் கூடாது... சரி அய்யா, வர்றேன்.

இருங்க, போனை உள்ள வச்சுக்கறேன்.

ரெண்டு வீட்டுக்காரங்களும் காலையிலயே மண்டபத்துக்கு வந்து உக்காந்து பேசி முடிச்சுட்டாங்களாம். அமல்ராஜ் வீடு பிரியாணியை மண்டபத்துக்கு வெளிய, பின்னாடி காலியிடத்துல விறகு அடுப்பு வச்சுப் போட்டுக்குறாங்களாம். சமையக்கட்டுக்குள்ள கறியே வராதாம். முத்துக்காளை வீடு மாப்பிள்ளை அழைப்பைக் கோயில்ல வச்சுட்டு, ராத்திரிச் சாப்பாட்டை அவங்க தெருவுலயே பந்தல் போட்டு முடிச்சுட்டு, அமல்ராஜ் வீடு கிளம்பினதும் உள்ள வர்றாங்களாம். அமல்ராஜ் வீடு போடுற மேடை அலங்காரத்தைக் கழட்ட மாட்டாங்களாம். பேரை மட்டும் மாத்திட்டு மறுநாள் முத்துக்காளை வீடு அதுலயே கல்யாணத்தை நடத்திக்கலாமாம். முத்துக்காளை அதுல குளிர்ந்து போயிட்டாராம். தங்கப்பாண்டி அய்யா முரளிதரன் சாருக்கும் பேசிட்டாராம், பிரச்சனை முடிஞ்சதுன்னு.

முடிஞ்சதுங்கிறாரு. அதெப்படி அக்கா முடியும்? சண்டைக்கு நிக்க வேண்டியவங்க. முன்ன பின்ன பாத்தது கிடையாது, வழக்கம் வேற, சாப்பாடு வேற. ஒரு மணி நேரத்துல யாரு யாருக்கு இப்படி விட்டுக் குடுப்பாங்க? நடுவுல ஏதோ இருக்கு.

அது மட்டும் இல்ல. அமல்ராஜ் என்னைப் பத்தி விசாரிச்சாராம். எந்த ஊரு, யாரு பொண்ணு, வேலை நிரந்தரமான்னு. இன்னும் ஆகலைன்னு அய்யா சொல்லித் தொலைச்சிருக்காரு. உடனே முத்துக்காளைகிட்ட, "கம்பெனிக்கு யாரும் எதுவும் எழுதிறாதீங்க, சின்னப் பொண்ணு"ன்னு சொன்னாராம். சொல்லிட்டு என் முழுப் பேரு, அப்பா பேரு, வீட்டுல எத்தனை பேருன்னு கேக்குறாராம். பத்திரிகை வைக்கணுமாம். குடும்பத்தோட வரணுமாம். ரெண்டு வீட்டுலயும்.

நல்லாத்தான் இருக்கு கேக்க. ஆனா தப்புப் பண்ணின கம்பெனிக்காரிக்கு யாராவது கல்யாணப் பத்திரிகை வைப்பாங்களா? அப்பாவையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போனா, அங்க பந்தியில வச்சு, "இந்தப் பொண்ணாலதான்"னு யாராவது கை நீட்டினா? அம்மா இருக்கிற மண்டபத்துல? அதனாலதான் அப்பா பேரைச் சொல்லலை. நான் பேர் சொல்லலைன்னதும் அய்யா அதை விட்டுட்டாரு. அப்புறம், "சரி பாப்பா, நீ வா, சாப்பிட்டுப் போகலாம்"னாரு.

நீங்க எதுக்கு இப்படிப் பாக்குறீங்க?

அவங்களும் பொண்ணைப் பெத்தவங்கதானே, அதனால கேட்டிருப்பாங்கன்னு சொல்றீங்க. இருக்கலாம். நான் இல்லைன்னு சொல்லலை. வேலை போகலைன்னு தெரிஞ்சதும் எனக்கு அழுகை வரும்னு நெனைச்சேன், அதுகூட வரலை பாருங்க. எல்லாருமாச் சேர்ந்து என்னைக் காப்பாத்திட்ட மாதிரி பேசுறாங்க. எதுலருந்துன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க.

சின்னாளபட்டி வந்திருச்சு. பையைப் பிடிங்க அக்கா, கீழ வச்சுறாதீங்க, ஈரமா இருக்கு. எறங்குறேன். போய் என்ன சொல்றாங்கன்னு பாக்குறேன். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வந்துருவேன்.

இவ்வளவு தூரம் என் கதையையே பேசிட்டு வந்துட்டேன். உங்க பேரு என்ன, எங்க போறீங்கன்னு கேட்டிருப்பேன் அக்கா. நாலஞ்சு தடவை நாக்கு வரைக்கும் வந்துச்சு. இவ எதுக்குக் கேக்குறான்னு நெனைச்சுருவீங்களோன்னுதான் கேக்கலை.